எபிசோடு 41: ஒன்பதடி போர்டோடு மறுபடியும் கடலுக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று சில இடங்களில் பேச்சைச் சுருக்கியிருக்கிறேன்.)

வேலைக்குச் சேர்ந்த பிறகு கைவிட்டுப்போன விஷயங்களைப் பற்றி ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி பேசினோம், ஞாபகம் இருக்கா? அதில் நான் போகிற போக்கில் சர்ஃபிங் பற்றி ஒரு வரி சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த மெசேஜ்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. "காலேஜ் டைம்ல கோவளத்துல கொஞ்சம் கத்துக்கிட்டேன் ப்ரோ. அஞ்சாறு வருஷம் ஆச்சு. மறுபடியும் ஆரம்பிக்கணும். என்ன போர்டு எடுக்கலாம்?"

ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். லாங்போர்டு. எபிசோடு முடிந்தது, போய்ட்டு வாங்க.

இல்லை இல்லை, இருங்க. அந்த ஒரு வார்த்தைக்கு வந்து சேர எனக்கு ஆறு மாதமும் கொஞ்சம் பணமும் போனது. அது பரவாயில்லை. அந்தப் போர்டை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டதற்கு இன்னொருத்தர் ரத்தம் சிந்த வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் போர்டு மட்டும் சிபாரிசு பண்ணினால் சரியாக இருக்காது. அதனால் ரெண்டையும் சொல்றேன்.

பழைய உடம்புக்கு வாங்கிய போர்டு

2015. இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். ஓஎம்ஆரில் காலேஜ். சனிக்கிழமை விடிகாலை பைக்கை எடுத்தால் கேளம்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பிக் கோவளம் போய்விடலாம். அங்கே வாடகைக்குப் போர்டு கிடைக்கும். முதலில் மேலே ஸ்பாஞ்சு மாதிரி இருக்கும் பெரிய நீலப் போர்டு. ஒரு வருஷம் கழித்து ஆறடி ரெண்டு அங்குல ஷார்ட்போர்டு. அப்போது நான் 68 கிலோ. ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு அதுவே அதிகம்.

2018இல் பெங்களூரில் வேலை. அங்கே கடல் இல்லை, ஏரி இருக்கிறது, அதில் நுரை வரும். அஞ்சு வருஷம் ஓடிப்போனது. 2023இல் சென்னைக்குத் திரும்பினேன். வாரத்தில் மூணு நாள் வீட்டிலிருந்தே வேலை. எடை 84. மூணாவது மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் மனசுக்குள் நான் இன்னமும் அந்த 68 கிலோ பையன்தான்.

அந்த வருஷம் ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி ஒன்று நடந்தது. நானும் போய்க் கரையில் நின்று பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்களும் நம் ஊர்ப் பசங்களும் சின்னச் சின்னப் போர்டில் அலைமேல் ஏறி வெட்டித் திருப்புகிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு குரல்: "நானும் இதைத்தானே ஓட்டினேன்?" அடுத்த வாரமே செகண்ட் ஹேண்டில் ஆறடி ரெண்டு அங்குலப் போர்டு ஒன்று வாங்கிவிட்டேன். வாங்கும்போது எனக்கு யாருமே எதுவும் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விற்றவரே கேட்டார், "உங்களுக்கா தம்பி?" என்று. "ஆமாண்ணா, பழக்கம் இருக்கு" என்றேன்.

தொழில் புத்தி போகாது இல்லையா? ஷீட் ஒன்றில் கணக்கு வைத்தேன். பதினோரு தடவை கடலில் இறங்கினேன். எழுந்து நின்ற அலைகள் மொத்தம் ஒன்பது. ஒரு தடவைக்கு ஒன்றுகூட இல்லை! பெட்ரோல், தூக்கம், தோள் வலி எல்லாம் சேர்த்தால் ஒரு அலையின் விலையை நான் சொல்லவே மாட்டேன்.

இதில் உண்மையில் கஷ்டம் வலி இல்லை. திரும்பி வரும்போது காரில் "நமக்கு இனிமே இது வராது" என்று தோன்றியது பாருங்க, அதுதான். 28 வயதில் ஒரு விஷயத்தை முடிந்துபோனது என்று ஒப்புக்கொள்வது விசித்திரமாக இருந்தது. மழைக்காலம் தொடங்கியதும் போர்டை உறையில் போட்டு மூலையில் சாத்திவிட்டேன்.

கொஞ்சம் கணக்கு

வீட்டில் சும்மா இருந்தபோதுதான் பிரச்சினை என்னிடமா, போர்டிடமா என்று உட்கார்ந்து யோசித்தேன். பள்ளிக்கூட இயற்பியல் போதும், பயப்படாதீங்க.

ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு கன அளவு உண்டு. லிட்டரில் சொல்வார்கள். முப்பது லிட்டர் போர்டு முழுதாக மூழ்கினால் தண்ணீர் அதைக் கிட்டத்தட்ட முப்பது கிலோ அளவுக்கு மேலே தள்ளும். அதில் போர்டின் சொந்த எடை மூணு கிலோ போய்விடும். மனித உடம்பு தண்ணீருக்குள் தானாகவே ஏறக்குறைய மிதக்கும். ஆனால் போர்டில் குப்புறப் படுத்துத் துடுப்புப் போடும்போது தலை, நெஞ்சு, முதுகு எல்லாம் தண்ணீருக்கு மேலே இருக்கின்றன. அந்த எடையைப் போர்டுதான் சுமக்க வேண்டும். 68 கிலோவில் என்னைச் சுமந்த போர்டு 84 கிலோவில் என்னோடு சேர்ந்து உள்ளே அமுங்குகிறது. நெஞ்சு தண்ணீரை உழுதுகொண்டே போகிறது. கை எவ்வளவு வேகமாகப் போட்டாலும் வேகம் வராது.

இன்னொரு பக்கம் அலை. ஒரு மீட்டர் உயர அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது உடையும். அந்த இடத்தில் அலையின் வேகம் தோராயமாக மணிக்கு 13 கிலோமீட்டர். கையால் துடுப்புப் போடும் ஆள் அதில் பாதி வேகம் எட்டினாலே பெரிய விஷயம். மீதியை அலையின் சரிவுதான் கொடுக்க வேண்டும். சின்னப் போர்டுக்கு அந்தச் சரிவு செங்குத்தாகும் வரை காத்திருக்கணும். அது ஒரு நொடியோ ஒன்றரை நொடியோதான். அதற்குள் எழுந்து நிற்கணும். இருபது வயதில் முடியும். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து இறுகிப்போன இடுப்புக்கு முடியாது.

நீளமான போர்டு இந்தக் கணக்கை மாற்றுகிறது. தண்ணீர்மேல் படியும் பரப்பு அதிகம், வளைவு குறைவு. அதனால் அலை இன்னும் சாய்வாக இருக்கும்போதே, உடைவதற்கு முன்னாடியே, வழுக்க ஆரம்பித்துவிடும். எழுந்து நிற்க நேரம் கிடைக்கும். மே மாதக் காலையில் இடுப்பளவு சோம்பேறி அலை வருகிறதே, அதிலும் ஓட்டலாம்.

"லாங்போர்டு கத்துக்குட்டிகளுக்குத்தானே?" என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. 1960களின் நடுப்பகுதி வரை ஹவாயிலும் கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓட்டியதெல்லாம் நீளப் போர்டுதான். ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாய்க்காரர் டியூக் கஹனமோக்கு சர்ஃபிங்கை உலகுக்குக் கொண்டுபோனது கனமான மரப் போர்டில். போர்டின் அடியில் ஃபின் வந்ததே 1935இல், டாம் பிளேக் என்பவர் பொருத்திப் பார்த்த பிறகு. 1967, 68 வாக்கில்தான் போர்டுகள் சட்டென்று குட்டையாகின. அப்புறம் 1970களின் தொடக்கத்தில் லீஷ் பழக்கத்துக்கு வந்தது. காலில் கட்டிக்கொள்ளும் கயிறு. அதற்கு முன்னால் போர்டை விட்டால் கரை வரை நீந்திப் போய்த்தான் எடுத்து வரணும். அதனால் யாரும் லேசில் விட மாட்டார்கள். இந்த லீஷ் விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்க, பிறகு வருகிறேன்.

வாங்கும்போது பார்த்தது

2024 ஜனவரியில் சின்னப் போர்டை நஷ்டத்துக்கு விற்றேன். பிப்ரவரியில் லாங்போர்டு. ஒன்பதடி நாலு அங்குலம், அகலம் 23 அங்குலம், கனம் மூணு அங்குலத்துக்குச் சற்று மேல், 76 லிட்டர். ஒன்பதடியும் அதற்கு மேலும், மூக்கு வட்டமாக இருந்தால் லாங்போர்டு என்று சொல்வார்கள். புதுசு வாங்கக் கை வரவில்லை, பழசுதான்.

பழசு வாங்குபவர்களுக்கு நான் பார்த்த விஷயங்களைச் சொல்றேன்.

முதலில் மேல்பக்கம் முழுக்கக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்க. எங்கேயாவது மெத்தென்று அமுங்கினால் மேல் கண்ணாடியிழை உள்ளே இருக்கும் ஃபோமை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் போர்டை வைத்தால் இப்படித்தான் ஆகும். விரிசலைச் சுற்றிப் பழுப்பு நிறம் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தூக்கிப் பாருங்க. ஒன்பதடிப் போர்டு ஆறரையிலிருந்து எட்டுக் கிலோ வரை இருக்கலாம். அதைவிட ரொம்பக் கனத்தால் சந்தேகப்படுங்க. நடுவில் குறுக்காக ஓடும் மடிப்புக் கோடு இருந்தால் ஒரு தடவை பாதி உடைந்த போர்டு. வாங்காதீங்க. ஃபின் பொருத்தும் பள்ளத்தைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்க.

உள்ளே என்ன ஃபோம் என்று கேட்டுக்கொள்ளுங்க. பாலியூரிதேன் ஃபோம் என்றால் பாலியெஸ்டர் ரெசினால் ஒட்டலாம். இபிஎஸ், அதாவது நம்ம தெர்மாகோல் சாதி ஃபோம் என்றால் எபாக்ஸி ரெசின் மட்டும்தான். அதில் பாலியெஸ்டர் ரெசினைத் தடவினால் ஃபோம் கரைந்து பள்ளமாகிவிடும்.

வகை? மூக்கு நுனி வரை நடந்து போய் நிற்பதற்கென்றே செய்த போர்டுகள் உண்டு. பின்பக்கம் சதுரமாக, ஒரே ஒரு பெரிய ஃபினோடு, கனமாக இருக்கும். பார்க்க அழகு. திரும்பி வருபவர்களுக்கு நான் சொல்வது நடுவாந்திரமானது. நடுவில் ஒரு ஃபின், ரெண்டு பக்கமும் குட்டி ஃபின்கள் போட இடம் இருக்கும் போர்டு. காலில் நம்பிக்கை வரும் வரை மூணும் போட்டு ஓட்டலாம். பிறகு பக்க ஃபின்களைக் கழற்றிவிட்டு ஒற்றை ஃபினில் பழகலாம். ஒற்றை ஃபின் என்றால் போர்டின் ஒரு அடிக்கு ஃபின் ஓர் அங்குலம் என்பது பொதுவான கணக்கு. நீளப் பள்ளத்தில் ஃபினைப் பின்னால் தள்ளினால் போர்டு நேராக, நிதானமாகப் போகும். முன்னால் கொண்டுவந்தால் சுலபமாகத் திரும்பும். ஒரு அரை அங்குலம் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

வாங்கியாச்சு. வீட்டுக்குக் கொண்டுபோகணுமே! போர்டு 284 சென்டிமீட்டர். எங்கள் லிஃப்டில் எந்தக் கோணத்தில் வைத்தாலும் நுழையாது. நான் நிஜமாகவே டேப்பும் சைன் தீட்டாவும் வைத்துக் கணக்குப் போட்டேன். நுழையாது. நாலாவது மாடி வரை படியில். ரெண்டாவது மாடி அங்கிள் கதவைத் திறந்து பார்த்தார். "என்னப்பா, புதுக் கதவா?" "இல்ல அங்கிள், கடல்ல ஓட்டுறது." ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "இன்னும் கல்யாணம் ஆகல இல்ல?" என்றார். [சிரிப்பு] இப்போது கோவளத்திலேயே மாத வாடகைக்கு ஒரு இடத்தில் நிழலில் வைத்திருக்கிறேன். வீட்டில் இடம் இல்லை என்றால் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்க.

தண்ணீரில்

முதல் நாள் காலை அஞ்சே முக்காலுக்கு இறங்கினேன். கரையிலிருந்து கடல் பக்கமாகக் கச்சான் மெதுவாக வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் அலையின் முகம் சீராக நிற்கும். பத்து மணிக்கு மேல் கடல்காற்று கிளம்பினால் எல்லாம் கலைந்துவிடும். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வரும் அலைகள் நமக்கு நல்லவை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நீரோட்டம் கடுமை. திரும்பி வருபவர்கள் அப்போது நீச்சல் குளத்தில் இருப்பது நல்லது.

மூணாவது அலையில் எழுந்து நின்றேன். கரை வரை வந்தேன். இறங்கி முட்டியளவு தண்ணீரில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன். அன்றைக்கு மட்டும் ஏழு அலை. ஷீட்டில் அந்த வரியைப் பச்சை நிறத்தில் வைத்திருக்கிறேன்.

சின்னப் போர்டிலிருந்து வருபவர்கள் மறக்க வேண்டியதும் பழக வேண்டியதும் சில இருக்கின்றன.

படுக்கும் இடம். மூக்கு தண்ணீருக்கு மேலே ஒன்றிரண்டு அங்குலம் தெரிந்தால் சரி. ரொம்பத் தூக்கினால் பின்னால் இழுக்கும். ரொம்பத் தாழ்ந்தால் அலையில் மூக்குக் குத்திக் குப்புறக் கவிழ்வீர்கள். சரியான இடம் கிடைத்ததும் உங்கள் முகவாய் வரும் இடத்தில் வாக்ஸால் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்க.

துடுப்பு. அவசரமாகப் பத்துத் தடவை அடிப்பதைவிட ஆழமாக, நீளமாக ஆறு தடவை. அலை உங்களைத் தூக்கியதும் நிறுத்திவிடாமல் இன்னும் ரெண்டு போடுங்க. அப்புறம் எழுந்தால் போதும்.

நின்ற பிறகு. சின்னப் போர்டில் கால் ஒரே இடத்தில் இருக்கும், உடம்பை முறுக்கினால் திரும்பும். லாங்போர்டில் நீங்கள்தான் நடக்கணும். திருப்ப வேண்டுமென்றால் பின்னால் ஓர் அடி வைத்து ஃபினுக்கு மேலே எடையைப் போடுங்க. வேகம் வேண்டுமென்றால் முன்னால் வாங்க. காலைத் தேய்த்து நகர்த்தாமல் ஒரு காலைத் தாண்டி இன்னொரு காலை வைத்து நடக்கணும். கோயில் பிராகாரத்தில் அடிப்பிரதட்சிணம் பண்ணும் நிதானம் வேண்டும். வீட்டில் ஹால் டைல்ஸ் கோட்டில் பழகலாம். நான் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு அதைத்தான் செய்கிறேன். மேனேஜர் இந்த எபிசோடைக் கேட்க மாட்டார் என்று நம்புகிறேன்.

உடம்புக்கு: தினம் பத்துத் தடவை தரையில் படுத்து எழுந்து நிற்கும் பயிற்சி. வாரம் ரெண்டு நாள் நீச்சல். இடுப்புக்குக் கொஞ்சம் யோகா. அவ்வளவுதான். பெரிய ஜிம் எல்லாம் வேண்டாம்.

இந்த இடத்தில் எபிசோடை முடித்திருந்தால் சந்தோஷமாக முடிந்திருக்கும். என் மூணு மாதமும் அப்படித்தான் போனது.

ஜூன் மாத ஞாயிறு

2024 ஜூன். ஞாயிற்றுக்கிழமை, ஏழு மணி. தண்ணீரில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். அலை வழக்கத்தைவிடப் பெரியது. நான் அப்போது கொஞ்சம் தலைக்கனத்தில் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லாங்போர்டு இருந்தால் மற்றவர்களைவிட வெளியே உட்கார்ந்து, எல்லாருக்கும் முன்னாடியே அலையைப் பிடித்துவிடலாம். நானும் பிடித்தேன். வருகிற அலையெல்லாம் எனக்குத்தான் என்ற மாதிரி.

ஒரு அலை ஓட்டிவிட்டுத் திரும்ப உள்ளே துடுப்புப் போட்டுப் போகிறேன். முன்னால் ஒரு பெரிய அலை உடைந்து வெள்ளையாக உருண்டு வருகிறது. சின்னப் போர்டு என்றால் மூக்கை அமுக்கி, போர்டோடு அலைக்கு அடியில் புகுந்துவிடலாம். 76 லிட்டரை அப்படி யாராலும் அமுக்க முடியாது. அது எனக்குத் தெரியும். அதற்கு வேறு முறை இருக்கிறது என்றும் தெரியும். பழகவில்லை, அவ்வளவுதான். நான் செய்தது என்ன? போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு நான் மட்டும் அடியில் முங்கினேன். காலில் லீஷ் இருக்கிறதே, போர்டு எங்கே போய்விடும் என்ற நினைப்பு.

மேலே வந்தபோது பின்னால் ஒரு சத்தம். திரும்பினால், எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு பையன். பதினாலு, பதினைந்து வயது. குப்பத்துப் பையன், தினமும் அங்கே இருப்பவன். என் போர்டின் ஃபின் அவன் புருவத்தில் பட்டிருந்தது. ரத்தம் தண்ணீரோடு கலந்து முகமெல்லாம். அவன் அழவில்லை. "ஒண்ணுமில்லண்ணா, ஒண்ணுமில்லண்ணா" என்று அவன்தான் எனக்குச் சொன்னான். எனக்குக் கை நடுங்கியது.

காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நாலு தையல். டாக்டர் சொன்னார், "ஒரு விரல்கடை கீழ பட்டிருந்தா கண்ணு." அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

அவன் அப்பா வந்தார். மீன்பிடிப்பவர். கடலிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டையெல்லாம் ஈரம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மகனின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"நீ எங்க இருந்த தம்பி?"

"அலைக்கு அடியில இருந்தேன்ணே."

"உன் பலகை?"

எனக்குப் பதில் வரவில்லை.

"கட்டுமரத்துல போறப்ப அலை வந்தா நாங்க மரத்த விட மாட்டோம். விட்டா அது பின்னாடி வர்றவன் மேல தான் வுழும். நீ முங்கிக்குன, சரி. அவன் எங்க முங்குவான்?"

அவ்வளவுதான் கேட்டார். ஆஸ்பத்திரிச் செலவை நான் கட்டினேன். அதற்கு மேல் நான் நீட்டிய பணத்தை வாங்கவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து கணக்குப் போட்டேன். வேறு என்ன செய்வேன்? போர்டு ஒன்பதே கால் அடிக்கு மேல். லீஷ், ஏறக்குறைய போர்டின் நீளத்துக்கு இருக்கணும் என்பதால் அதுவும் ஒன்பதடி. ரெண்டும் சேர்த்தால் பதினெட்டடி, ரப்பர் போல இழுபடும்போது இன்னும் கொஞ்சம். நான் போர்டை விட்ட நொடியில், என் காலைச் சுற்றி கிட்டத்தட்ட ஆறு மீட்டர் தூரத்துக்கு யார் இருந்தாலும் ஏழு கிலோப் பொருள் ஒன்று கூர்மையான ஃபினோடு அவர்கள்மேல் விழலாம். ரெண்டு ஆட்டோவை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளத்துக்கும் மேல். எங்கள் வேலையில் இதற்கு பிளாஸ்ட் ரேடியஸ் என்று பெயர். நாம் செய்யும் ஒரு மாற்றம் தப்பாகப் போனால் எத்தனை பேரைப் பாதிக்கும் என்ற கணக்கு. புரொடக்‌ஷனில் ஒரு வரி மாற்றுவதற்கு முன்னால் மூணு தடவை அதைக் கேட்பேன். கடலில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

லீஷ் போர்டு தொலையாமல் பார்த்துக்கொள்கிறது. பின்னால் வருபவரை அது காப்பாற்றாது. இது ரெண்டும் ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விடாமல் இருக்கக் கற்றுக்கொண்டது

ரெண்டு வாரம் கடலுக்குப் போகவில்லை. மூணாவது வாரம் போனேன். அலைக்காகப் போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில், கூட்டமில்லாத ஓரத்தில், ஆமை போலப் புரளப் பழகினேன். டர்ட்டில் ரோல் என்பார்கள். லாங்போர்டு வைத்திருப்பவர் முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டியது இது. நான் நாலாவது மாதத்தில் கற்றுக்கொண்டேன்.

செய்முறை சொல்றேன். வெள்ளை அலை உங்களை நோக்கி வருகிறது. போர்டின் மூக்கை நேராக அலைக்குக் காட்டுங்க, சாய்வாக இருந்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். நெஞ்சுப் பக்கத்தில் ரெண்டு பக்க விளிம்பையும் இறுக்கிப் பிடிங்க. அலை வர ஒரு போர்டு நீளம் இருக்கும்போது மூச்சு இழுத்துப் பக்கவாட்டில் புரண்டு போர்டுக்கு அடியில் போங்க. போர்டு கவிழ்ந்து உங்களுக்கு மேலே, ஃபின் வானத்தைப் பார்த்து. முழங்கையை மடக்கிப் போர்டை உடம்போடு ஒட்டி வையுங்க. அலை மேலே போகும். சத்தம் அடங்கியதும் மறுபடியும் புரண்டு மேலே ஏறி உடனே துடுப்பு.

நான் இதைத் தப்புத் தப்பாகச் செய்துகொண்டிருந்தபோது கரையில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். புருவத்தில் தையல் பிரித்த தழும்பு. தண்ணீரில் இறங்க அன்றைக்குத்தான் அனுமதி கிடைத்திருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

"அண்ணா, கைய நீட்டி வெச்சிருக்கீங்க. அலை புடுங்கும். மடக்குங்க. தொடையால பலகைய கவ்விக்குங்க."

செய்தேன். அலை மேலே போனது. போர்டு என் கையிலேயே இருந்தது.

"இன்னும் ஒரு வாட்டி" என்றான். அன்றைக்கு முப்பது தடவையாவது புரண்டிருப்பேன். மூக்கு வழியாகக் குடித்த உப்புத்தண்ணீர் ரெண்டு நாளைக்கு வந்துகொண்டிருந்தது.

பெரிய அலையில் புரளவும் முடியாத சந்தர்ப்பம் வரும். அப்போது முதல் வேலை, தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது. ஆள் இருந்தால் எப்படியாவது பிடித்துக்கொள்ளணும். ஆள் இல்லை என்றால் இறங்கி, லீஷைப் போர்டுக்குப் பக்கத்திலேயே கையில் பிடித்துக்கொண்டு முங்கணும். ஆறு மீட்டர் அப்போது மூணாகக் குறையும்.

மற்ற சில பழக்கங்களையும் மாற்றினேன். அலை உடையும் இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அலை அவருடையது. நான் வெளியே உட்கார்ந்து முன்னாடியே பிடிக்க முடியும் என்பதற்காக அது எனக்குச் சொந்தமாகிவிடாது. இப்போது ரெண்டு அலை ஓட்டினால் மூணாவதை உள்ளே இருக்கும் சின்னப் போர்டுக்காரர்களுக்கு விட்டுவிடுவேன். அலை ஓட்டி முடித்ததும் கூட்டத்துக்கு நடுவே திரும்பாமல் ஓரமாகச் சுற்றிப் போவேன். பெரிய ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்குவதே இல்லை. மீன்பிடிப் படகு கிளம்பினாலோ வந்தாலோ அது தாண்டும் வரை ஒதுங்கி நிற்பேன். நமக்கு அது பொழுதுபோக்கு, அவர்களுக்கு அது ஆபீஸ்.

சரி, திரும்ப உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்ன போர்டு எடுக்கலாம்?

இன்றைக்குத் தராசில் ஏறி நின்று பாருங்க. அந்த எண்ணுக்கு வாங்குங்க. 2016இல் எடுத்த போட்டோவில் இருப்பவருக்கு வாங்காதீங்க, அவர் வர மாட்டார். பத்துத் தடவையாவது வெவ்வேறு லாங்போர்டுகளை வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு வாங்குங்க. மேலே ஸ்பாஞ்சு வைத்த சாஃப்ட்-டாப் லாங்போர்டில் ஆரம்பித்தாலும் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. பட்டால் அடி குறைவு, உங்களுக்கும் மற்றவர்களுக்கும். வாங்கிய முதல் வாரம் அலை பிடிக்காதீங்க. போர்டைப் பிடிக்கப் பழகுங்க. அது வந்த பிறகு கூட்டத்துக்குள் போங்க.

ஷீட்டில் இப்போது ரெண்டு பத்திகள் இருக்கின்றன. ஒன்று, ஓட்டிய அலைகள். இன்னொன்று, போர்டு கையை விட்டுப்போன தடவைகள். முதல் பத்தி ஏறிக்கொண்டே இருக்கிறது. ரெண்டாவது பத்தியில் போன மாதம் ரெண்டு. அதற்கு முந்தின மாதம் அஞ்சு. இன்னும் பூஜ்யம் வரவில்லை. வந்தால் சொல்றேன்.

கேள்வி இருந்தால் வழக்கம்போல வாய்ஸ் நோட் அனுப்புங்க. ரெண்டு நிமிஷத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கோங்க, போன வாரம் ஒருத்தர் பதினாலு நிமிஷம் அனுப்பியிருந்தார். அடுத்த எபிசோடில் சந்திப்போம். காலையில் சீக்கிரம் எழுந்திருங்க மக்களே. அலை பத்து மணி வரைக்கும்தான் நன்றாக இருக்கும்.